பாட்டுப் பலகையில் ஏறிய ரயர்

தமிழ்ப் பூசை தொடங்குவதற்கு முன்னர் பாட்டுப் பலகையில் இலக்கங்களைச் செருகுவது சீமோனின் வேலை. யாரும் அவனை நியமிக்கவில்லை. பீடத்துக்கு இடப்பக்கத் தூணில் தொங்கும் அந்த மரப்பலகை, உண்மையில் காலையில் ஆங்கிலப் பூசைக்கு வருகிறவர்களுடையது. பிற்பகலில் கோயில் தமிழரின் கைக்கு மாறும்போது அவர்கள் பாடி முடித்த இலக்கங்கள் அப்படியே நின்றுகொண்டிருக்கும். ஒருநாள் அவற்றைக் கழற்ற, கை எட்டக்கூடிய ஆள் ஒருவர் தேவைப்பட்டார். சீமோன் நெடுவல். அன்றிலிருந்து அது அவனுடைய வேலையாயிற்று.

அவனும் அதைச் சும்மா செய்யமாட்டான். பழைய சப்பாத்துப் பெட்டியில் கிடக்கும் எண் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கைலேஞ்சியால் துடைத்து, பலகையில் தள்ளி, பின்னால் வந்து நின்று தலையைச் சரித்துப் பார்த்து, மறுபடி போய் ஒரு மயிரிழை நகர்த்துவான். ஏழும் எட்டும் பெட்டியில் தேவைக்கு மேல் கிடந்தன. ஐந்துக்குத்தான் பஞ்சம். ஐந்துகள் எங்கே போகின்றன என்று ஒருவருக்கும் தெரியாது.

என்ன பாட்டு என்று தீர்மானிப்பது பாடற்குழுவை நடத்தும் அன்ரனெற். சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் மூன்று இலக்கம் சொல்லுவாள். வருகைக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, நற்கருணைக்கு ஒன்று. சீமோன் எழுதுவதில்லை; மனதில் வைத்துக்கொள்வான். ஒருமுறை பாடற்குழு ஒரு பாட்டும் சனம் இன்னொரு பாட்டுமாகப் பாடி, சுவாமியார் இரண்டுக்கும் நடுவில் நின்று விழித்த பிறகு, அன்ரனெற் ஒரு சட்டம் போட்டிருந்தாள். பலகையில் நிற்பதுதான் பாட்டு. ஓகன் பெட்டி வாசிக்கிறவரும் பலகையைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். சுவாமியாரே வந்து வேறு இலக்கம் சொன்னாலும் எடுபடாது.

சீமோனுக்குக் கோயிலுக்கு வெளியே இன்னொரு பெயர் இருந்தது: விசாரணைச் சீமோன். அகதி விசாரணைக்கு உதவி செய்கிற ஆள் என்று நினைத்துப் புதிதாக வந்தவர்கள் அவன் வீட்டுக் கதவைத் தட்டியதும் உண்டு. உண்மையில் அவன் மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்கு அண்மையில், லேபல் அச்சடிக்கும் தொழிற்சாலையில் மெசின் ஓட்டுகிறவன். "விசாரிச்சுச் செய்வம்" என்பது அவன் வாயில் எப்போதும் நிற்கும் வசனம். அவன் சோபா வாங்க விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு நத்தார்ப் பண்டிகைக்குத் தோட்டக் கதிரையில் இருந்து கேக் சாப்பிட்டார்கள். கடைவாய்ப் பல்லுக்கு நல்ல வைத்தியர் யார் என்று அவன் விசாரித்து முடிப்பதற்குள் பல் தானாகவே கழன்று விழுந்தது. "பாத்தீரோ யூஜினி, அவசரப்பட்டிருந்தா வீணா ஊசி போட்டிருப்பாங்கள்" என்றான்.

யூஜினி அவனுடைய மனைவி. அவளையும் அவன் அப்படித்தான் கட்டினான். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பது எங்கும் உள்ளதுதான். சீமோனோ தானே புறப்பட்டு, அவள் படித்த கன்னியர் மடத்திலிருந்து அவள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர் வரைக்கும் விசாரித்தான். விசாரித்தவரெல்லாம் நல்லதாகவே சொன்னார்கள். அதனால் அவனுக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில் யூஜினியின் தகப்பன் பொறுமையிழந்து, பங்குச் சுவாமியிடம் போய் இரண்டு பெயரையும் கொடுத்து, ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தலை வாசிக்கப் பண்ணிவிட்டார். சீமோன் அந்தப் பூசையில்தான் இருந்தான். தன் பெயர் வாசித்ததும் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டதுபோல எழும்பி நின்றான். கோயிலில் வாசித்தது வாசித்ததுதான். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை.

இப்படிப்பட்டவன் தன் வாழ்நாளில் விசாரிக்காமல் வாங்கிய ஒரே சாமான் அந்தக் கார்.

அதற்கு முன்னர் ஒரு சம்பவம் நடந்தது. 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில் யூஜினி அவர்களுடைய பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். சீமோன் பக்கத்து ஆசனத்தில். வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் தரை கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். கார் அதைக் கேட்கவில்லை. மிக ஆறுதலாக, ஒரு வயதுபோன ஆள் நடக்கும் வேகத்தில், வழுக்கிக்கொண்டே போய்த் தெருமுனையில் நின்ற தபாற்பெட்டியில் முட்டியது. வழுக்கிய நேரம் முழுவதும் சீமோன் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தான். ஒருவருக்கும் காயமில்லை. தபாற்பெட்டி மட்டும் சற்றுக் குனிந்தது. அடுத்த கிழமை, வன்கூவருக்கு மாறிப்போகும் டொக்டர் ஒருவரிடமிருந்து அந்த ஜேர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கருநீலம். வேகத்துக்கு ரேர்போ பூட்டியது. நாலு சில்லும் இழுப்பது.

"நல்ல விலைக்கு வந்தது" என்று மட்டும் சொன்னான்.

கார் வந்த பிறகு அவனுக்கு அதில் ஒரு பைத்தியம் பிடித்தது. வேலைக்குப் பஸ்ஸில் இரண்டு தரிப்பு. முன்னர் நடந்தே போனவன், இப்போது காரில் போய் மனேச்சரின் யன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினான். பெருந்தெருவில் ஏறி மிதித்தால் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொள்ளும். "டடி, யூ ஆர் ஸ்மைலிங் அகெய்ன்" என்று மகள் செரீனா பின்னாலிருந்து சொல்லுவாள். அவளுக்குப் பதினைந்து வயது. தகப்பன் சிரிப்பதைக் கண்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

செப்டெம்பரில் யூஜினிக்கு ஒஷாவாவில் வேலை கிடைத்தது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை. அதுவரை வேலை ஏசென்சி அனுப்பும் இடமெல்லாம் போய் வந்தவளுக்கு, இதுதான் நிரந்தரமாகக்கூடிய முதல் வேலை. நத்தார் வரை பார்ப்போம், அதுவரை பிந்தாமல் வந்தால் வேலை உனக்கு என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தாள். வேலை தொடங்குவது விடியவே. அங்கே போகும் முதல் ரெயின் வண்டி அதற்குப் பிறகுதான். பக்கத்துத் தெருவிலிருந்து அதே இடத்துக்குப் போகும் கிளடிஸ் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆனால் கிளடிஸ் நவம்பர் முடிய மொன்றியலுக்குக் குடிபோகிறாள். டிசெம்பரிலிருந்து யூஜினி தானே கார் ஓட்டிப்போக வேண்டும். பனிக்குள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் வேலையில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

"அதுக்கென்ன, காரை நீர் கொண்டுபோம்" என்று சீமோன் ஒக்ரோபரிலேயே பெரிய மனதுடன் சொல்லிவிட்டான். "ஆனா சில்லுக்குப் பனிகாலத்து ரயர், வின்ரர் ரயர், போடாமல் பனிக்குள்ள இறக்கேலாது."

"போடுவம்."

"போடத்தான் வேணும். என்ன சைஸ் எண்டதுதான் கேள்வி. விசாரிச்சுச் செய்வம்."

யூஜினி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சோபா ஞாபகம் வந்தது.

காரில் நின்ற கோடை ரயரில் 225, 50, 16 என்று எழுதியிருந்தது. முதலாவது அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, ரயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் றிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். சீமோன் இதை இரவுச் சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்தினான்.

"ஒரு ரயரை அளக்க மில்லிமீற்றரும் வேணும், அங்குலமும் வேணுமோ?" என்று யூஜினி கேட்டாள். "அளந்தவன் எந்த நாட்டுக்காரன்?"

"எல்லா நாட்டுக்காரரும் சேந்து அளந்தது."

அன்று சாப்பிட வந்திருந்த மரியோ, யூஜினியின் தம்பி, பின்னுக்குப் பந்தயக் கார்போலச் சிறகு வைத்த கார் ஒன்று வைத்திருக்கிறவன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அத்தான், நாலு சில்லும் இழுக்கிற காருக்கு வின்ரர் ரயர் போடுறதெண்டது மீனுக்கு லைஃப் ஜக்கெற் போடுற மாதிரி."

"இழுக்கிறதுக்குத்தான் ராசா நாலு சில்லு" என்றான் சீமோன். "நிப்பாட்டுறதுக்கு எல்லாக் காருக்கும் நாலுதான். உன்ர சிறகு வைச்சதுக்கும் நாலுதான்."

"அப்ப போடுங்கோ. ஆனா அகலத்தைக் குறைக்காதேங்கோ. அதே 225. அகலமெண்டாத்தான் நிலத்தைப் பிடிக்கும்."

"நிலத்தைப் பிடிக்கும். பனியைப் பிடிக்காது. பனிக்கு மேல மிதக்கும். ஒடுக்கமானதுதான் பனியை வெட்டிக்கொண்டு கீழ போகும் எண்டு சொல்லுகினம். 205 போடலாம். ஆனா அகலம் குறைஞ்சா வீதத்தைக் கூட்டவேணும். இல்லாட்டி சில்லு சின்னனாப் போடும். அப்ப 205க்கு 55."

"உங்களுக்கு 205 போட்டா பாக்க மெலிஞ்சு போன கோழிக்கால் மாதிரி இருக்கும் அத்தான்."

"கோழி பனிக்குள்ள விழுந்து பாத்தனியோ நீ?"

"எனக்கு அகலமும் வேண்டாம், ஒடுக்கமும் வேண்டாம்" என்றாள் யூஜினி, மரியோவின் சோற்றுக் கோப்பையில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "வட்டமா இருந்தாக் காணும்."

சனிக்கிழமை சீமோன் யோசப்பின் கராஜுக்குப் போனான். யூஜினியும் கூடப் போனாள். போனால் அலுவல் முடியும் என்று நம்பினாள். கடைத்தொகுதி ஒன்றின் பின்புறத்தில், பேக்கரியின் வாசமும் எண்ணெய் மணமும் கலக்கும் இடத்தில் யோசப் இருந்தான். அவனுடைய அபிப்பிராயம் நேரானது. கையிருப்பில் எந்த சைஸ் கிடக்கிறதோ அதுதான் நல்ல சைஸ்.

"195, 65, 15. இரும்பு றிம்மோட நாலு கிடக்கு. உங்களுக்கெண்டே எடுத்து வைச்சனான், அண்ணை."

"நான் வருவனெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வராமல் விடுவியளோ? எல்லாரிட்டையும் போறனீங்கள், என்னட்டையும் வருவியள்தானே."

முன்சில்லைக் கழற்றி, இரும்பு றிம்மை ஏற்றினான். 'டங்' என்றது. வேகக் காருக்கு வைத்த பெரிய பிரேக் பதினைந்து அங்குலத்துக்குள் அடங்கவில்லை. யோசப் குனிந்து பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்தான்.

"கொஞ்சம் தட்டினாச் சரி வரும்."

"எதைத் தட்டப்போறாய்? பிரேக்கையோ?"

"ஏன் அண்ணை கோவிக்கிறியள், உங்கட காருக்கு ஆர் இவ்வளவு பெரிய பிரேக் போடச் சொன்னது?" சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசப் யோசித்தான். "அப்ப ஒண்டு செய்வம். முன்னுக்கு மட்டும் ரெண்டு வின்ரர் ரயர். பின்னுக்கு உள்ளது நிக்கட்டும்."

"உந்தக் கதை உந்தக் காருக்குச் சரிவராது. நாலும் ஒரே அளவா, ஒரே மாதிரிச் சுத்தவேணும். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவெண்டா நடுவில இருக்கிற கியர்ப்பெட்டி ரெண்டு பக்கத்தாலயும் இழுபட்டுத் தேஞ்சு போடும்."

"தற்ஸ் மீ" என்றாள் செரீனா. அவளையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தார்கள். யூஜினி சிரித்தாள். சீமோனுக்கு விளங்கவில்லை.

பதினைந்து அங்குலம் கழிந்தது. இனி 225, 50, 16 அல்லது 205, 55, 16. இரண்டில் ஒன்று. வேறு ஆளென்றால் நாணயத்தைச் சுண்டியிருப்பான். சீமோன் விசாரணையை விரிவாக்கினான். பனி தெரிந்தவர்கள் என்று மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்தான். பனி இன்னும் அதிகம் தெரிந்தவர்கள் என்று எட்மன்ரனுக்கு எடுத்தான். எட்மன்ரன்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தக் காரோ? எனக்கு விக்கிறீரோ?" என்றார். அதோடு ரயர் சுவரில் இருக்கும் வேக எழுத்து என்று ஒரு புதுப் பிரச்சினையையும் கிளப்பிவிட்டார். கோடை ரயர் தாங்குகிற வேகத்தை வின்ரர் ரயர் தாங்காதாம். இந்தக் கார் எவ்வளவு வேகம் ஓடக்கூடியது!

"நான் ஒஷாவாவுக்குப் போறன்" என்றாள் யூஜினி. "ஆகாயத்துக்கில்லை."

நவம்பர் நடந்துகொண்டிருந்தது. சீமோன் முகம் வழிக்கும்போது இலக்கங்களை முணுமுணுத்தான். வேலைத்தலத்தில் லேபல் சுருளை அளக்கிற இடத்தில், ஒருநாள் முழுவதும் இருநூற்றைந்து மில்லிமீற்றரில் வெட்டிவிட்டு ஏச்சு வாங்கினான். பின்னேரச் செபமாலையில் அருள் நிறைந்த மரியேயைத் தொடங்கி ஐம்பத்தைந்தில் முடித்தான். யூஜினி மணிகளை உருட்டுவதை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"கிளடிஸ் பெட்டி கட்டத் தொடங்கியிட்டாள்" என்றாள்.

"தெரியும். இன்னும் ஒராள் மட்டும் இருக்கிறார் விசாரிக்க."

மாதத்தின் கடைசிக் கிழமைக்கு முந்தைய ஞாயிறு. அன்ரனெற் சொன்ன இலக்கங்கள் 112, 87, 140. சீமோன் வழமைபோலச் சப்பாத்துப் பெட்டியை எடுத்தான். துடைத்தான், செருகினான், பின்னால் வந்து தலையைச் சரித்துப் பார்த்தான். அன்று ஐந்துதான் போதவில்லை. மூன்று தேவை, பெட்டியில் இருந்தது இரண்டு. பூசை உடுப்புகள் வைக்கும் சங்கீர்த்திக்குள் போய், லாச்சிகளை இழுத்து, மெழுகுதிரிப் பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரு ஐந்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து செருகினான். எல்லாம் நேராக நிற்கிறது என்று திருப்திப்பட்டு யூஜினிக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டான்.

மணி அடித்தது. ஓகன் வாசிக்கிறவர் பலகையைப் பார்த்தார். பிறகு அன்ரனெற்றைப் பார்த்தார். அன்ரனெற் பலகையைப் பார்த்தாள். சனம் ஏற்கெனவே 205ஐ விரித்து வைத்துக்கொண்டு நின்றது. சட்டம் அவள் போட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

205 நத்தார்ப் பாட்டு. மாட்டுத்தொழுவத்தில் பாலனைத் தாலாட்டுவது. நவம்பரில் அது கிடைக்கும் என்று எதிர்பார்க்காத சிறுவர்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். பூசை உடுப்போடு நடந்து வந்த சுவாமியார், தான் ஒரு மாதம் நித்திரை கொண்டுவிட்டேனா என்பதுபோலச் சுற்றிவரப் பார்த்தார். சீமோனும் உரத்துப் பாடினான். அவனுக்கு நத்தார்ப் பாட்டுகள் பிடிக்கும்.

காணிக்கை நேரத்தில் 55. அது மரித்தோரை அடக்கம் செய்யும்போது பாடுவது. நவம்பர் மரித்தோரின் மாதம் என்பதால் அதில் பெரிய பிழையில்லை, ஆனால் முன் வரிசையில் ஒரு பெரியவர், "ஆர் செத்துப்போனது?" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துக் கேட்டார். அந்தக் கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

யூஜினி அப்போதுதான் பலகையை முழுதாகப் பார்த்தாள். 205. 55. அதற்குக் கீழே 16. இன்னொருமுறை வாசித்தாள். பிறகு சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பின் வரிசைப் பெண் முன்னால் சாய்ந்து அவள் முதுகைத் தடவினாள். "அழாதேங்கோ பிள்ளை. எல்லாருக்கும் உள்ளதுதானே."

நற்கருணைக்கு 16. மணமக்களை வாழ்த்தும் பாட்டு.

பூசை முடிந்ததும் சுவாமியார் அறிவித்தல்களை வாசிக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இண்டைக்குப் பாட்டுத் தெரிஞ்சவருக்கு என்ர நன்றி. ஒரு பூசைக்குள்ள பிறந்து, செத்து, பேந்து கலியாணமும் கட்டிப்போட்டம்."

கோயில் முழுவதும் சிரித்தது. சீமோனும் சிரித்தான். செரீனா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "டடி. லுக் அற் த போர்ட். தற்ஸ் அவர் ரயர்ஸ்."

கீழே மண்டபத்தில் தேத்தண்ணீர் கொடுக்கும் இடத்தில் அன்ரனெற் அவனைப் பிடித்தாள்.

"சீமோன் அண்ணை, நான் சொன்னது நூற்றிப்பன்ரண்டு, எண்பத்தேழு, நூற்றிநாற்பது."

"பிழைதான் தங்கச்சி. மனம் வேற எங்கேயோ நிண்டிட்டுது."

"பிழையெண்டா ஒண்டு பிழைக்கும். மூண்டும் எப்பிடிப் பிழைக்கிறது? ஆரோ உங்களுக்கு வேற நம்பர் தந்திருக்கினம். எங்களோட போட்டிக்கு நிக்கிற மற்றப் பாடற்குழுக்காரரோ?"

"பிழையில்லை அன்ரனெற்" என்றாள் யூஜினி. அவளுடைய கண்கள் இன்னும் சிவந்திருந்தன. "அது எங்கட காரின்ர ரயர் சைஸ்."

அன்ரனெற் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் கைகாட்டி, இருநூறு சனம் நிண்டு பாடினது உங்கட ரயரையோ?"

"நல்லாப் பாடினனீங்கள்" என்றாள் யூஜினி. "இவரால இவ்வளவு நாளும் சொல்லேலாததை நீங்கள் பாடிப்போட்டியள்."

வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தபடியே அவள் கேட்டாள்: "அப்ப முடிவெடுத்தாச்சு?"

"ஆர் எடுத்தது? அது கை போட்டது. நான் இன்னும் முடிவெடுக்கேல்லை. எட்மன்ரன்காரர் திருப்பி எடுக்கிறனெண்டவர்."

"ஐஞ்சு காணாமல் லாச்சிக்குள்ள தேடி எடுத்ததும் கைதானோ?"

சீமோன் பேப்பரை விரித்து ரயர் விளம்பரம் இருக்கிறதா என்று பார்த்தான். யூஜினியும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவள் ரயரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளடிஸின் கடைசி நாள். சீமோன் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது ரப்பர் மணந்தது. முன்னறையில், விசாரித்து வாங்கிய அந்தச் சோபாவுக்கு முன்னால், பழைய பேப்பர் விரித்து நாலு ரயர் கிடந்தன. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு, பக்கத்தில் இரண்டு. யூஜினி சோபாவில் இருந்து காலை நீட்டி ஒரு ரயரின் மேல் வைத்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

"உது எங்கால?"

"ஒஷாவாவில. வேலைக்குப் பக்கத்தில ஒரு கடை. கிளடிஸின்ர வானில கொண்டுவந்தது. அவளின்ர குசினிச் சட்டி பெட்டியெல்லாம் மடியில வைச்சுக்கொண்டு வந்தனாங்கள்."

சீமோன் சப்பாத்தைக் கழற்றாமலே குந்தியிருந்து ரயர்ச் சுவரை விரலால் தடவி வாசித்தான். இருநூற்றைந்து. ஐம்பத்தைந்து. பதினாறு. நாலையும் வாசித்தான். நாலிலும் அதுதான் இருந்தது.

"ஆரிட்டை விசாரிச்சனீர்?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. கோயிலில அறிவிச்சாச்சு, பேந்தென்ன? எங்கட கலியாணத்துக்கும் அறிவிச்சாப் பிறகுதானே நீங்கள் வாயை மூடினது."

"பிரேக்கில முட்டுமோ?"

"அதே பதினாறு. இருக்கிற றிம்மிலயே ஏறும். நீங்களே சொன்னது. நீங்கள் நித்திரையிலயும் சொன்னது."

"நாலும் ஒரே கொம்பனியோ?"

"நாலும் ஒரு தாய் பெத்தது. நாளைக்குக் காலமை யோசப்பிட்டச் சொல்லி வைச்சாச்சு. சுத்தியல் எடுக்கக்கூடாதெண்டும் சொன்னனான்."

சீமோனிடம் கேள்விகள் முடிந்துவிட்டன. அவன் எழும்பி, யன்னலால் வெளியே பார்த்தான். வாசலில் கருநீலக் கார் நின்றது. தெருமுனையில் தபாற்பெட்டி. அதை நிமிர்த்த ஒருவரும் வரவில்லை. பெப்ரவரியில் இருந்தது போலவே இன்னும் குனிந்துகொண்டு நின்றது.

"திங்கக்கிழமை பனி எண்டு றேடியோவில சொன்னவங்கள்" என்றான். "முதல் நாள் நான் கொண்டுபோய் விடுறன்."

"உங்கட வேலை?"

"லீவு சொல்லலாம்."

"செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாயும் பாப்பம்."

"புதன்?"

"உமக்கு அந்த மிதிக்கிற கட்டை தெரியாது யூஜினி. கொஞ்சம் தொட்டாலே பாயும். பிரேக்கும் அப்பிடித்தான். நான் பக்கத்தில இருந்து ஒருக்கா ரெண்டுதரம்..."

அவனுடைய வலது கால், அவன் அறியாமலே, கம்பளத்தில் எதையோ மிதித்தது. யூஜினி அதைக் கண்டாள். ரயரிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. இவ்வளவு நாளும் நீங்கள் விசாரிச்சது ரயரையோ, என்னையோ?"

மேலே செரீனாவின் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. சீமோன் குனிந்து அவள் கால் வைத்திருந்த ரயரை நிமிர்த்தினான். ஒரு பக்கம் ஒட்டியிருந்த பேப்பர்த் துண்டைப் பிய்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ரயர் சரியாமல் ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் காற்சட்டைப் பைக்குள் கார்க் கதவுத் திறப்பைத் தேடி எடுத்தான். பிறகு, கம்பளத்தில் கறுப்புக் கோடு ஒன்று விழ, காலையில் யோசப்பிடம் கொண்டுபோகக் காரில் ஏற்றுவதற்கு அதை உருட்டிக்கொண்டு முன்னறையைவிட்டு வெளியே போனான்.